இரண்டு அங்குலம்

லண்டனில் ஆஸ்பத்திரி, கவுன்சில், நீதிமன்றம் என்று தமிழர்கள் வாய் திறக்கவேண்டிய இடங்களிலெல்லாம் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து காலம் தள்ளுகிறவன் நான். மொழிபெயர்ப்பாளன். டை கட்டுவேன், சப்பாத்தைப் பளபளப்பாக வைத்திருப்பேன். தூய தமிழில் பேசுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒருமுறை ஒருவரிடம் "உங்களுக்கு உயர் குருதி அமுக்கம் இருக்கிறது" என்று டாக்டரின் வாயாகச் சொன்னபோது, "ஐயோ தம்பி, எனக்குப் பிரஷர் மட்டும்தான், இது எப்ப வந்தது?" என்று அவர் பதறினார். அப்போதும் நான் திருந்தவில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் எலும்பு வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

ஊரில் ஒரு மனிதப் புதைகுழியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எலும்புகள் வெளியே வந்தன. அவை யாருடையவை என்று சொல்லக்கூடிய சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கடல் கடந்து இருந்தார்கள். ஆகவே ஒரு சிறு குழு லண்டனில் குடும்பங்களைச் சந்தித்து, காணாமல் போனவரின் உயரம், பல், பழைய எலும்பு முறிவு எல்லாவற்றையும் கேட்டு எழுதி, கன்னத்தின் உட்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் மரபணு மாதிரியும் எடுத்து வைத்தது. என்றைக்காவது ஒருநாள் அதையும் இதையும் பொருத்திப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை. கேள்வி கேட்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எலும்பு நிபுணர். பல நாடுகளில் இப்படிப்பட்ட குழிகளுக்குள் இறங்கி நின்றவர். அவருக்குத் தமிழ் வாய் நான்.

முதல் நாளே மானம் போனது. லூயிஷாமிலிருந்து தம்பியைத் தேடி வந்த ஒரு பெரியவரிடம் "மனித எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எச்சமோ? காகத்தின்ர எச்சத்தைக் கேள்விப்பட்டிருக்கிறன். மனுசரும் போடுவினமோ?"

"எலும்பு, ஐயா. எலும்பு."

"எலும்பு எண்டால் எலும்பு எண்டு சொல்லுங்கோவன்."

அன்றிலிருந்து எலும்பை எலும்பு என்றே சொல்லி வருகிறேன். அந்த அளவுக்குத்தான் நான் முன்னேறியிருந்தேன், ரெய்னர்ஸ் லேன் அம்மா வருவதற்கு முன்.

ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தின் மேல்மாடியில் அறை கிடைத்திருந்தது. கிழமை நாட்களில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற அறை. சுவரில் பிள்ளைகளின் உயரம் பார்க்கிற ஒட்டகச்சிவிங்கிப் படம். நான் டூட்டிங்கிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போய்ச் சேர்ந்து, நிபுணருக்குப் பக்கத்தில் முழங்கால் நாடியில் இடிக்கிற ஒரு குட்டிக் கதிரையில் டையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா எழுபது தாண்டியவர். மகள் காரில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடிப் போய்விட்டாள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். மாதிரி எடுக்கும்வரை சாப்பிடக்கூடாது என்று நிபுணர் சொன்னார். நான் அதை ஒழுங்காக மொழிபெயர்த்துவிட்டு இரண்டு ரோல்ஸைச் சாப்பிட்டேன். என் வீட்டில் காணாமல் போனவர் யாரும் இல்லை. நாங்கள் முன்னமே பத்திரமாக வந்து சேர்ந்த கூட்டம். அந்த அறையில் அது எனக்கு எப்போதும் வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

அவர் தேடுவது மகனை. போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். விவரத்தைக் கேட்டு எழுதும்போது தெரிந்தது, அவனும் நானும் ஒரே வயது.

"மகனைப் பற்றிச் சொல்லுங்கோ அன்ரி" என்றேன்.

"நல்ல நிறம். சிரிச்ச முகம். சரியான குழப்படி, குறும்பு."

நான் வாயைத் திறந்தேன். மொழிபெயர்ப்பாளன் பேசுகிறவராகவே மாறிப் பேசவேண்டும் என்பது எங்கள் தொழில்விதி. "மை சன் வாஸ்..." என்று ஆரம்பித்து அழகாக ஓட்டினேன். பாதியில் அவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, நான் எங்க 'வாஸ்' சொன்னனான்?"

எனக்கு விளங்கவில்லை.

"கவுன்சில் இங்கிலிஸ் வகுப்பில முதல் நாள் படிப்பிச்சதே இஸ், வாஸ்தான். இஸ் எண்டால் இருக்குது. வாஸ் எண்டால் போச்சுது. போச்சுது எண்டு சொல்ல நான் இஞ்ச வரேல்லை."

அவர் சொன்னது சரி. 'நல்ல நிறம்' என்பதில் 'இருக்கிறது' என்றும் இல்லை, 'இருந்தது' என்றும் இல்லை. தமிழில் அப்படி ஒரு மனிதனைப் பற்றி நாள் முழுக்கக் கதைக்கலாம், அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்லாமலே. ஆங்கிலம் அதற்கு விடாது. இஸ் அல்லது வாஸ், ஒன்றை வைத்தே ஆகவேண்டும். நான் யாரையும் கேட்காமல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன். இருபது வருட அனுபவம், டை, சப்பாத்து, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு தாயின் முன்னாலேயே அவருடைய பிள்ளையை ஒரே சொல்லில் சாகடித்துவிட்டேன்.

அவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழும்பப் போகிறார் என்று தெரிந்தது. எழும்பிப் போனால் அவருடைய விவரமும் இல்லை, மாதிரியும் இல்லை. அந்தக் குழிக்குள் அவருடைய மகன் கிடந்தாலும் பெயரில்லாமல் ஒரு பெட்டியில் கிடப்பான். நான் நிபுணரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் தான் எழுதியதை வெட்டினார்.

"இஸ் என்றே எழுதுகிறேன், முழுக்க" என்றார். "அவரிடம் சொல்லுங்கள். எனக்கு உயரம் சரியாகக் கிடைத்தால் போதும்."

சொன்னேன். கைப்பை மடியிலேயே இருந்தது. ஆனால் அவரும் இருந்தார்.

"உயரம் ஆறடி" என்றார் கண்ணை இமைக்காமல். "வாசலுக்குள்ள குனிஞ்சுதான் வருவான்."

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். தான் போன நாடுகளில் எல்லாம் காணாமல் போன பிள்ளைகள் ஆறடிதான் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு" என்ற பழமொழியை நான் அவருக்கு எடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட இடங்களில் பண்பாட்டுத் தூதுவனாக நடந்துகொள்வதில் எனக்கு ஒரு சந்தோசம். அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: தொடை எலும்பின் நீளத்தை வைத்து ஆளின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். மண்ணில் நெடுங்காலம் கிடந்த எலும்பில் சிலவேளை மரபணு கிடைக்காது. அப்போது இந்தக் கடதாசியில் உள்ளதுதான் துணை. இதில் ஆறடி என்று இருந்தால், குட்டையான ஒருவரின் எலும்பை இவர் மகனுடையதா என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இதை நான் ஒரு அலங்காரமும் இல்லாமல் தமிழில் சொன்னேன். அந்த அம்மா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரையாவது பக்கத்தில நிக்கவைச்சு, மகன் எவ்வளவு உயரம் எண்டு காட்டுங்கோவாம்" என்று நிபுணர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அறையில் இருந்த ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்றேன். உங்கள் உயரம் எவ்வளவு என்று நிபுணர் கேட்டார்.

"ஐந்தடி எட்டு" என்றேன். யோசிக்கவே இல்லை, தன்பாட்டில் வந்தது.

இந்த ஐந்தடி எட்டின் கதை இதுதான். எனக்குக் கல்யாணம் பேசிய காலத்தில் அம்மா தரகரிடம் சொன்ன உயரம் அது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். அம்மா சிக்கனக்காரி, இரண்டு அங்குலத்தோடு காரியத்தை முடித்துவிட்டார். மணவறையில் மாலை மாற்றும்போது மனைவிக்கு விசயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் குதிகால் உயர்ந்த செருப்புப் போடுவதில்லை. நான் போடுகிறேன்.

"சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றார் நிபுணர்.

கழற்றினேன். இடது சொக்ஸில் ஓட்டை. பெருவிரல் வெளியே வந்து எல்லோரையும் பார்த்தது. ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றேன். அதன் தலை என் நெஞ்சோடு முடிந்துபோயிற்று. நிபுணர் அளவு நாடாவைப் பிடித்தார். ஐந்தடி ஆறு. அதை எழுதிக்கொண்டார்.

"எட்டு எண்டு சொன்னியள்?" என்றார் அந்த அம்மா. ஆங்கில எண்களும் அவருக்கு விளங்கும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

"அது அம்மா தரகரிட்டச் சொன்னது, அன்ரி."

நிபுணர் அளக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். என்னுடைய பொய் இரண்டு அங்குலம் அந்த மகனுடைய உயரத்தில் போய் ஏறியிருக்கும். கல்யாணத் தரகருக்குச் சொன்ன புளுகால் ஒருவன் கடைசிவரை கண்டுபிடிக்கப்படாமல் போயிருப்பான்.

அந்த அம்மா கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளங்கையை விரித்து என் தலைக்கு மேலே, தனக்கு எட்டிய மட்டும் உயர்த்திப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"குளிச்சிட்டு வந்தால் தானாய்த் தலை துடைக்கமாட்டான். கலியாண வயசிலயும் நான்தான் துடைச்சுவிடவேணும்."

மூடிய கண்ணோடு இரண்டு கையாலும் காற்றில் ஒரு துவாயைப் பிடித்துத் துடைத்தார். ஒரு தலை அங்கே இருப்பதுபோலவே துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கை இறங்கி வந்தது. என் உச்சந்தலைக்கு வந்தது. அங்கேயும் நிற்கவில்லை. இன்னும் இறங்கி, விரல் நுனி என் நெற்றியில் முட்டியதும் நின்றது.

கண்ணைத் திறந்து நிபுணரைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் பிள்ளை. ஆறடி இல்லை. நான் கொஞ்சம் கூட்டிப்போட்டன்."

மொழிபெயர்ப்பாளன் அழக்கூடாது என்பதும் எங்கள் தொழில்விதி. நான் என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு, அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நிபுணர் அவருடைய கையை விலக்காமலே தரையிலிருந்து அளந்தார். ஐந்தடி நான்கு. வாசலுக்குள் குனியத் தேவையில்லாத உயரம். மகன் கிடைக்கவேண்டும் என்பதற்காக ஒரு தாய் அவனை எட்டு அங்குலம் குறைத்துவிட்டார்.

பிறகு அவராகவே வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பஞ்சுக்குச்சிக்குப் பிள்ளைகள் மருந்துக்கு வாய் திறப்பதுபோலத் திறந்தார். எல்லாம் முடிந்ததும் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு குறைந்திருப்பதைக் கண்டு பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

நான் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்து இறங்க வந்தவர், எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, அம்மா இருக்கிறாவோ?"

"ஓம் அன்ரி. எங்களோடதான், டூட்டிங்கில."

"இப்பவும் அஞ்சடி எட்டு எண்டுதான் சொல்லுறாவோ?"

"ஓம். ஆர் வந்தாலும் சொல்லுவா. எனக்குத்தான் வெட்கம். இண்டைக்குப் போய் அளந்த கதையைச் சொல்லி நிப்பாட்டப் போறன்."

அவர் என் தலையில் ஒருதரம் கையை வைத்து எடுத்தார்.

"வேண்டாம். அம்மா சொன்ன உயரத்திலயே இருங்கோ" என்றார். "நீங்கள் இருக்கிறியள்தானே."