அலையோரத்துச் சலவைக்கடை

"இந்தத் தடவை கடல்ல கழுத்து வரைக்கும் இறங்கப் போறேன்" என்றாள் அத்தை, இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டைக் காலரில் அழுத்தியபடி.

மேசைக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அதிகம் பேசாத பெண் என்பதால் அத்தை அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை உங்க மாமா என்னைச் செருப்புக்குக் காவல் வச்சுட்டாரு."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும் செருப்புதான். வேற செருப்பு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடற்கரைக்கு எதை உடுத்துவது என்று அத்தை அடுத்துக் கேட்டாள். பழசாக ஏதாவது போதும் என்றாள் பெண். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாருக்கே. சலவைக்கடைக்காரி கசங்கின துணியோட போய் நின்னா கடல்கூட மதிக்காது."

அத்தை அப்படித்தான். பிறர் வீட்டுக்குப் போனால்கூடக் கொடியில் கிடக்கும் துணியை மடித்து வைத்த பிறகே உட்காருவாள். கடைக்கு லீவு விடுவது அபூர்வம். கடலுக்குப் போவது அதைவிட அபூர்வம். இதுவரை கணுக்கால்கூட நனைந்ததில்லை.

ஞாயிறு காலை அத்தை, மாமா, இரட்டைப் பிள்ளைகள், ஊமைக்கோட்டான் என எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல மடிப்புக் கலையாமல் வேனில் ஏறினார்கள். கஞ்சி போட்டு விறைத்திருந்த மாமாவின் அரைக்கால் சட்டை, அவர் உட்கார்ந்தபோது சருகுபோலச் சரசரத்தது. சாலை வளைந்ததும் கடல் தெரிந்தது. பிள்ளைகளை மிஞ்சிக் கத்தியது அத்தைதான்.

மணல் கொதித்தது. கம்பீரமாக இறங்கிய மாமா உடனே நொண்டியாட்டம் ஆடத் தொடங்கினார். விரித்த குடை திசைமாறிப் பறந்தது. இரட்டையர் அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் கடற்கரையில் பாதிப் பேருக்கு அறிமுகமாகிவிட்டார்கள். பிறகு எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி தண்ணீருக்கு ஓடினார்கள். மாமா பையில் வேன் சாவி கிடந்த சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, "நீ சும்மாதானே இருக்கே, கொஞ்சம் பாத்துக்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இம்முறை அத்தை தயாராக வந்திருந்தாள். பையிலிருந்து கடையின் நம்பர் சீட்டுகளையும் டோக்கன்களையும் ஊக்குகளையும் எடுத்தாள். ஒவ்வொருவர் துணியையும் மடித்து, நம்பர் குத்தி, செருப்போடு வரிசையாக விரிப்பில் அடுக்கினாள். நம்பர் போட்ட பொருளை யார் தொடுவார்கள்? இனிக் காவலே வேண்டாம். சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

எதிரே துண்டு கட்டிய ஒரு பெரியவர் நின்றிருந்தார். அடுக்கியிருந்த அழகைப் பார்த்துவிட்டுத் தன் பையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு டோக்கன் குடுங்கம்மா."

இது அதில்லை என்று அத்தை சொல்லியிருக்கலாம். ஆனால் யாராவது மூட்டையை நீட்டினால் டோக்கனை நீட்டியே பழகிய கை அது. வாய் திறப்பதற்குள் நீட்டிவிட்டது. அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்தது. அதன்பின் கல்லூரிப் பெண்கள் ஒரு கூட்டம். கொஞ்ச நேரத்தில் வரிசையே நின்றது. குழந்தை வண்டியை எடுத்துக்கொள்வீர்களா என்று ஒருத்தி விசாரித்தாள். அத்தை துண்டுகளை உதறினாள், மடித்தாள், குத்தினாள். நடுநடுவே மட்டும் தலைகளுக்கு மேலாக எட்டி அலையைப் பார்த்துக்கொண்டாள்.

ஊமைக்கோட்டான் முழங்கால் தண்ணீரில் நின்று இதையெல்லாம் கவனித்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமாவின் அரைக்கால் சட்டை குடைபோல உப்பி மிதக்க, அவர் கிளம்பலாம் என்று பிள்ளைகளைக் கரைக்கு விரட்டிக்கொண்டிருந்தார். அவள் சொட்டச் சொட்ட மேலே ஓடி வந்தாள்.

"அத்தே, மாமா கிளம்பப் போறாரு."

அத்தையின் கை நின்றது. வேன் சாவியோடு மடித்து வைத்திருந்த மாமாவின் சட்டையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். பிறகு மீதி டோக்கன்களை ஊமைக்கோட்டானின் ஈரக் கையில் திணித்தாள். அவளிடம் அத்தை இதற்கு முன் தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

"ஒண்ணு கேக்குறேன், மாட்டேன்னு சொல்லாத. இங்க உக்காரு. டோக்கன் இல்லாம யாருக்கும் எதையும் குடுத்துடாத." செருப்பை உதறிவிட்டு ஓடத் தொடங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "உங்க மாமாவுக்கு நான் டோக்கனே குடுக்கல."