பற்றுச்சீட்டோடு ஓர் இலஞ்சம்

அமெரிக்க அரசியல்வாதி ஒருவருக்கு நான் இலஞ்சம் கொடுத்திருக்கிறேன். லண்டனில், டூட்டிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிட்டு உழைக்கிறவள் நான். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

தம்பிக்காகக் கொடுத்தேன். எனக்கிருக்கிற ஒரே சகோதரம். ஏஜென்சிக்காரனை நம்பி நாடு நாடாகச் சுற்றி, மெக்சிகோ எல்லையால் அமெரிக்காவுக்குள் போனவன். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். தெற்கே ஒரு தடுப்பு முகாமில் மாதக்கணக்காகக் கிடந்தான். கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போக ஆட்கள் நிற்பார்கள். முன்பு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனவர்கள்தான். அன்றிலிருந்து அவனுடைய இடது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒருநாள் போன் எடுத்தார். அண்ணை அங்கே பிரஜாவுரிமை உள்ளவர்.

“தங்கச்சி, எங்கட பக்கத்து காங்கிரஸ் உறுப்பினர் தேர்தல் நிதிக்கு விருந்து வைக்கிறார். மேசையில ஒரு இடம் வாங்கினால் ஆளோட நேர கதைக்கலாம். அவர் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதினாலே காணும், தம்பியை அனுப்பாமல் நிப்பாட்டலாம்.”

“காசு குடுத்தோ, அண்ணை?”

“இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். ஆனால் வெளிநாட்டுக் காசு வாங்கக்கூடாது, அது குற்றம். நீ எனக்கு அனுப்பு, நான் என்ர பேரில குடுக்கிறன்.”

என் காப்புச் சோடியை விற்கப் போகிறேன் என்றதும் இவர், என் கணவர், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “இஞ்சேரும், ஆத்தில போட்டாலும் அளந்து போட வேணும்” என்றார்.

“உங்கட தம்பியெண்டால் அளப்பியளோ?” என்று பாய்ந்தேன்.

அடுத்தநாள் அவரே என்னை நகைக்கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

எனக்குத் தெரிந்த இலஞ்சம் வேறு மாதிரி. ஊரில் தம்பியை அன்று பிடித்துக்கொண்டு போனபோது அம்மா ஓர் அதிகாரிக்குக் காசு கொடுத்தா. பேப்பரில் சுற்றி, ஆள் இல்லாத ஒழுங்கையில் வைத்துக் கொடுத்தா. வாங்கியவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லையாம். ஆனால் மூன்றாம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். களவு வேலைதான், ஆனால் வாங்கினால் செய்ய வேண்டும் என்று அந்தக் கள்ளனுக்கும் தெரிந்திருந்தது. அமெரிக்கா பெரிய நாடு, அங்கே வேலை இன்னும் சுத்தமாக நடக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்!

தம்பியின் கதையை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். அண்ணை கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனார். அந்த உறுப்பினர் கைகொடுத்து, சிரித்து, படத்துக்கு நின்று, “உங்கள் நாட்டுக் கடற்கரைகள் மிகவும் அழகு” என்றாராம். அந்த இரண்டு பக்கத்தையும் உதவியாளர் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். கோயிலில் சின்ன அர்ச்சனைக்குக்கூட ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். இந்த மனுசன் தம்பியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் அண்ணைக்குக் காசு கிடைத்ததாக மின்னஞ்சலில் பற்றுச்சீட்டு வந்தது. இலஞ்சத்துக்குப் பற்றுச்சீட்டு! நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு, விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து நாலு வரியில் பதில் வந்தது. உங்கள் அக்கறைக்கு நன்றி, விடயம் உரிய திணைக்களத்தின் கையில் உள்ளது என்றிருந்தது. தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் வந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது. குளிர் தாங்க ஏலாமல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சேட் போட்டிருந்தான்.

“இது அரசாங்கம் நடத்திற இடமில்லை, அக்கா. ஒரு கம்பனி. தலைக்கு இவ்வளவெண்டு ஒவ்வொரு இரவுக்கும் அரசாங்கம் அவங்களுக்குக் காசு குடுக்குது. என்னை அனுப்பினால் என்ர கட்டிலுக்கு இன்னொருத்தன் வருவான்” என்றான்.

பக்கத்தில் இருந்த என் மகள் கம்பனியின் பெயரைக் கேட்டாள். யூனிவேர்சிட்டியில் படிக்கிற பிள்ளை, எதையும் தேடிப் பார்க்காமல் விடமாட்டாள். வீடியோ கோல் முடிந்ததும் போனில் எதையோ தட்டினாள். பிறகு மெதுவாக, “அம்மா, இஞ்ச பாருங்கோ” என்றாள்.

அது அந்த உறுப்பினருக்கு யார் யார் காசு கொடுத்தார்கள் என்ற பட்டியல். உலகமே பார்க்கலாம், ஒளிப்பு மறைப்பு இல்லை. கம்பனிக்காரர் நடத்துகிற நிதிக்குழு, கம்பனியின் பெயரிலேயே, வருடா வருடம் இருந்தது. கீழே எங்கேயோ அண்ணையின் பெயர், அதாவது என் காப்புச் சோடி. தம்பியைப் பூட்டி வைத்து உழைக்கிறவனும், தம்பியைத் திறந்துவிடு என்று கெஞ்சுகிறவளும் ஒரே உண்டியலில் போட்டிருக்கிறோம்.

“நாசமாப் போவாங்கள்! இவங்களைப் பிடிக்க ஒரு பொலிசும் இல்லையோ?” என்று கத்தினேன்.

“அவை செய்ததில ஒண்டும் இல்லீகல் இல்லை, அம்மா,” என்றாள் மகள். “எங்கட காசு மட்டும்தான் இல்லீகல்.”

அன்று முழுக்க அழுதேன். கோபத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. மறுநாள் வேலையில் ஒரு கிழவி, “ஏன் பிள்ளை கண் வீங்கியிருக்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டபோது வெங்காயம் என்று பொய் சொன்னேன்.

போன கிழமை தம்பியின் வழக்கறிஞர் அழைத்தார். கொழும்பு விமானத்துக்கு நாள் குறித்துவிட்டார்களாம். இன்னும் பன்னிரண்டு நாள். அன்று பின்னேரமே அண்ணையும் போன் எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். இவரும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள்.

“தங்கச்சி, வாற சனிக்கிழமை இன்னொரு விருந்து இருக்கு. இந்த முறை மற்றக் கட்சி. இவர் அவரைப் போல இல்லையாம், செய்வாராம்.”

அண்ணை பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் புதியவரின் பெயரைத் தட்டித் தேடி, போனை என் பக்கம் திருப்பினாள். அதே கம்பனி. அந்தப் புதியவருக்கும் கொடுத்திருக்கிறது.

எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தக் காசும் போய்விடும், யாரும் தம்பியின் பெயரைக் கேட்கப் போவதில்லை. என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லி மறித்திருந்தால் நான் நின்றிருப்பேனோ தெரியாது. அவர் மறிக்கவில்லை.

“மேசையில ஒரு இடம் எவ்வளவாம், அண்ணை?” என்று கேட்டேன்.