எந்த நாட்டில் நின்றோம்?

இத்தாலி எல்லையோரத்தில் இருக்கும் அந்தப் பழைய கோட்டை நகரத்துக்குப் போனதே மகளின் பிடிவாதத்தால்தான். பாரிஸ் புறநகரான சார்செல்லில் பிறந்து வளர்ந்தவள். பதினேழு வயதில் சரித்திரப் பைத்தியம். எனக்கோ புறப்படவே விருப்பமில்லை. என் வதிவிட விசா கார்டு முடிந்து, புதியது வரும்வரை தந்த ரெசிப்பிசே என்ற கடதாசித் துண்டு மட்டும்தான் கையில். பாரிஸ் லாச்சப்பலில், நான் வேலை செய்யும் தமிழ்க் கடையில் என்னோடு நிற்பவள், "அந்தத் துண்டோட எல்லையைத் தாண்டிப்போடாதேங்கோ அக்கா, திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள்" என்று சொல்லியிருந்தாள்.

கோட்டை மதிலையும், நடுவில் வாய்க்கால் ஓடும் செங்குத்தான தெருவையும் பார்த்தோம். அதோடு திரும்பியிருக்கலாம். என் மனுசனுக்கு மலைப்பாதையில் கார் ஓட்ட ஆசை. வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் பாதாளம். அழகுதான், யார் இல்லையென்றது? ரசிக்கத்தான் மனம் வரவில்லை. ஒரு வளைவில் என் போனுக்குச் செய்தி வந்தது: இத்தாலிக்கு வரவேற்கிறோம்.

"ஐயோ, காரைத் திருப்புங்கோ!"

"விசர்க் கதை கதையாதையும். எல்லைக்கு இன்னும் கிடக்கு," என்றார் இவர்.

மகளின் போன் பிரான்ஸ் என்றது. பலகை ஒன்றையும் காணோம். நான் போட்ட சத்தத்தில் இவர் திருப்பினார்.

இறங்கி வரும் வழியில் ஒரு பொலிஸ் வாகனம் நின்றது. இவர் ஐம்பது மீற்றர் முன்னாலேயே காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இறங்கினோம். கையில் அட்டையும் துண்டுமாக வரிசையாக நடந்தோம். சண்டைக் காலத்தில் ஊரில் ஆமிச் சென்றிகளை, அந்தச் சோதனைச் சாவடிகளை, அப்படித்தான் கடந்திருக்கிறோம். இருபது வருசமாகியும் கால் மறக்கவில்லை.

பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் நடந்து வந்ததே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. என் துண்டை வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இத்தாலி என்றால் மாட்டுவேன். பிரான்ஸ் என்றால் அது பொய்யோ என்னவோ. "தெரியாது" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.

பொலிஸ்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது செல்லும், பயப்பட ஒன்றுமில்லை என்று தந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு கேட்டார்: "போகச் சொல்லித்தானே கை காட்டினேன். ஏன் இறங்கினீர்கள்?"

மகள்தான் பிரெஞ்சில், வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "நாங்கள் இறங்கித்தான் நடப்போம்."

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். அவளும் இறங்கியிருந்தாள். அடையாள அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். எங்கள் ஊரைக் கண்ணால்கூடக் காணாத பிள்ளை. சென்றி என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

யார் பழக்கியது என்று இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.