துணிக்கயிறும் சினை ஆடும்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோவையிலிருந்து இரவெல்லாம் குலுங்கி வந்த உடம்பு ஒரு டீக்கு ஏங்கியது. பதினைந்து ரூபாய். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையை வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தேன்; கடைக்காரரிடம் சந்தைப்பேட்டைக்கு வழி கேட்டேன். ஆட்டோவெல்லாம் வேண்டாம், நடந்தே போய்விடலாம் என்றார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்கள் காதில் விழும்படியே சொன்னதால் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

பழைய ஊரின் வீதிகள் கோடு போட்டாற்போல நேராகப் போகின்றன. பெயருக்குப் பதிலாகத் திசையும் எண்ணும்தான். வழி தவறுவதில் கெட்டிக்காரியான நானே தவறவில்லை. ஆறு மணிக்கே லாரியிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாசலில் இரண்டு பெண்கள் இட்லிக் கொப்பரையைத் திறந்தார்கள். எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு நான்கு விரலைக் காட்டினார். நான்கு இட்லி பார்சலானது. இட்லி எட்டு ரூபாய், சட்னி கேட்கக் கேட்க.

அடுத்து ஒரு கயிற்றுக் கடை. விடுதி அறைகளில் துணி காயப்போட இடமே வைப்பதில்லை என்பது என் பல வருடக் குறை. நான்கு முழம் பருத்திக் கயிறு நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். பையில் இடமில்லை, தோளில் போட்டுக்கொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆறரைக்கு ஆட்டுச் சந்தைக்குள் நுழைந்ததும் ஒரே உபசாரம். வாங்க, இங்கிட்டு வாங்க என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். என்ன மரியாதையான ஊர் என்று பூரித்துப்போனேன்.

கூட்டத்தின் ஓரத்தில், ஆவூரிலிருந்து வந்த பிலோமினா ஒரு கறுப்பு ஆட்டோடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். மூன்று மாதச் சினை ஆடு. கணவருக்குத் திருப்பூரில் வேலை, மறுநாள் இவரும் அங்கே குடிபோகிறார். ஒற்றை அறையில் ஆட்டை எங்கே கட்டுவது? யாராவது வளர்க்க வாங்க வேண்டும், கறிக்கடைக்கு மட்டும் கொடுப்பதாக இல்லை. என் கண்முன்னேயே இரண்டு கறி வியாபாரிகளைத் திருப்பி அனுப்பினார்.

எனக்குத்தான் வாய் சும்மா இராதே. என்ன தின்னும், முட்டுமா, போன ஈற்றில் எத்தனை குட்டி என்று துருவித் துருவிக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். என் வீட்டில் இடமிருக்கிறதா என்று கேட்டார். தாராளமாக இருக்கிறது, நான் ஒருத்திதான் என்றேன். குன்றாண்டார்கோவிலிலிருந்து வளர்ப்புக்கு ஆடு தேடி வந்த, பச்சைத் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார். என் தோளையும் பார்த்தார். பிலோமினா இல்லையென்று தலையசைத்ததும் போய்விட்டார்.

எட்டு மணிக்குச் சந்தை கலையத் தொடங்கியது.

"ஆடு பிடிச்சிருச்சுல்லக்கா? கயித்த மாத்திருவமா?" என்றார் பிலோமினா.

நான் விழிக்க, அவரே விளக்கினார். விற்கிறவர் தன் கயிற்றைக் கொடுக்க மாட்டாராம், கொடுத்தால் வீட்டுச் செல்வமும் கூடவே போய்விடுமாம். வாங்குகிறவர்தான் கயிறு கொண்டுவர வேண்டும். சந்தைக்குள் புதுக்கயிறோடு வந்தால் ஆடு வாங்க வந்திருக்கிறார் என்று பொருள். என்னுடையது துணி காயப்போடும் கயிறு என்று ஒருவழியாகச் சொன்னேன்.

பிலோமினா கோபப்படவில்லை. "நீங்க வளப்பீங்கன்னுதானே அந்தப் பெரியவர போகச் சொன்னேன்" என்றார். ஆட்டின் காதைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். திருப்பி அனுப்பப்பட்ட வியாபாரிகளில் ஒருவர் மறுபடி எங்களை நோக்கி வருவது தெரிந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி வழுக்கி ஓடினேன். பச்சைத் துண்டுப் பெரியவர் தெருமுனையில், ஒரு வெள்ளாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கயித்தோட ஒருத்தங்க நிக்கையில நான் எப்படிங்க வெல கேக்குறது?"

தப்பு என்னுடையதுதான், ஒருமுறை வந்து பாருங்கள் என்றேன். வந்தார். விலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அவர் கொண்டுவந்த கயிறு வெள்ளாட்டின் கழுத்தில் இருந்தது. நான் என்னுடையதை நீட்டினேன். பிலோமினா பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். குட்டி போட்டதும் ஒரு போன் போடுங்க என்று நம்பரைச் சொன்னார். பெரியவர் அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். எங்கள் அடுக்ககத்தில் பதினோரு வருடமாக எதிர்வீட்டு நம்பர் என்னிடம் இல்லை என்பது அப்போது உறைத்தது.

எட்டே முக்காலுக்குப் பிலோமினாவும் நானும் ஒரே ஷேர் ஆட்டோவில் பேருந்து நிலையத்துக்குத் திரும்பினோம். காலையில் அவரையும் ஆட்டையும் சந்தையில் இறக்கிவிட்ட அதே ஓட்டுநர்.

"என்னம்மா, ஆடு வித்துருச்சா?" என்றார்.

"விக்கலண்ணே. வளக்கக் குடுத்திருக்கேன்."

அதைச் சொன்ன பிறகுதான் பிலோமினா அழுதார்.