சிவப்பு நூல் கட்டிய குஞ்சுகள்

கோழிக் கழிச்சல் எங்கள் தெருவுக்குள் நுழைந்த வருஷம் நான் மதராசில் கால்நடை வைத்தியம் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்குத் திருத்தணி வந்தால், அக்கம்பக்கத்துக் கோழிகளெல்லாம் வாயைப் பிளந்து கர்கர்ரென்று மூச்சு வாங்குகின்றன. தறி நெய்யும் என் அத்தைக்கு வேலையே ஓடவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு ஒரு சேவல் விடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சேவல் அவள் கூடையிலிருந்த குஞ்சுகளிலிருந்துதான் வளர்ந்து வர வேண்டும்.

எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. நோயில் பிழைத்த கோழியின் ரத்தத்தில் அதை எதிர்க்கும் பொருள் இருக்கும். ரத்தம் உறைந்ததும் மேலே தெளிகிற மஞ்சள் நீர்தான் சீரம், அதை ஊசியில் ஏற்றினால் குஞ்சுகளைக் காக்கலாம் என்று வகுப்பில் கேட்டிருந்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன்.

"போட்டுப் பாரு. ஆனா பாதிக்குத்தான் போடணும், மீதி சும்மா இருக்கணும். வித்தியாசம் தெரிஞ்சா தெருவுக்கே நான் வந்து போடறேன்" என்றார்.

கழிச்சலில் பிழைத்திருந்த எதிர்வீட்டுப் பெட்டையின் இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, பாதிக் குஞ்சுகளுக்குப் போட்டேன். அடையாளத்துக்குத் தறியடியில் கிடந்த சிவப்பு நூலை அவற்றின் காலில் கட்டினேன்.

மறுநாள் காலை பார்க்கிறேன், எல்லாக் கால்களிலும் சிவப்பு நூல்!

"அத்தே! இன்னா பண்ணே?"

"ஆங், நாந்தான் கட்னேன். ஒரே தாய் அடகாத்த குஞ்சுங்க. பாதிக்குக் காப்பு கட்டிட்டுப் பாதிய உட்டுட்டியே நைனா, படிச்சவன் பண்ற வேலையா இது?"

"காப்பு இல்ல அத்தே, அடையாளம்!"

"அடையாளத்துக்கு வேற கலரே கெடைக்கலியா?"

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இனி எது பிழைத்தாலும் டாக்டரிடம் என்னத்தைக் காட்டுவது? அத்தை சமாதானமாக ஒரு குஞ்சை என் மடியில் விட்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. நான் போட்ட முடிச்சு, அவிழ்ந்துவிடுமோ என்று சுற்றிச் சுற்றிப் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அத்தை போட்டது அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சு. கடுகு மாதிரி, நுனி நறுக்கி.

"புளியங்கொட்டைன்னா ஊசி, கடுகுன்னா சும்மா!" என்று குதித்தேன்.

அந்த வாரமே நோய் கூடைக்குள் வந்தது. கடுகு முடிச்சுக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. ஒவ்வொன்றுக்கும் எனக்குத் திட்டு விழுந்தது. புளியங்கொட்டைகளோ கொஞ்சம் தும்மியதோடு சரி. டாக்டர் கண்ணாடி மாட்டிக்கொண்டு முடிச்சு முடிச்சாகப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் பையோடு தெருவுக்கு வந்துவிட்டார்.

கடுகு முடிச்சில் ஒரே ஒரு சேவல் குஞ்சு பிழைத்தது, கழுத்து ஒரு பக்கம் திரும்பியபடி. ஆடிக்குள் அது கூவுகிற சேவலாகிவிட்டது. கிருத்திகைக்கு நான் மறுபடி ஊர் வந்ததும் அத்தை அதைத்தான் பிடித்தாள்.

"ஊசி போட்டதுங்க கொழுகொழுன்னு நிக்குது, இதையா அத்தே?"

"அதுங்கள நீ காப்பாத்துனே. இத நானும் மலை மேல இருக்கறவருந்தான் காப்பாத்துனோம். தூக்கு."

தூக்கினேன். மலைப்படி முழுக்க, கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்துக் கூவிக்கொண்டு வந்தது அது.