நீலம் பாய்ந்த முகம்

மணப்பெண்ணின் அப்பா படத்தை மேசைமேல் வைத்தார். கத்தவில்லை.

"பாய், இது என் மவளா? சவப்பெட்டியில படுத்தவ மாதிரி இருக்கா."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. கன்னத்தில் நீலம். உதட்டில் சாம்பல்.

தொண்ணூறுகளின் கடைசி. மலேசியாவில், மலாக்கா டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்கு இருந்த ஒரே பெண் நான். படம் வெட்டுவேன், பிரேம் போடுவேன், கம்ப்யூட்டரில் முகப்பரு அழிப்பேன். ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. முதலாளி பாய் அப்போதுதான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். படம் எடுப்பவர் ஒரு அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மண்டப வாசலில் வைக்கப் பெரிய படம் வேண்டும்.

"நாளைக்கும் இப்படித்தான்னா சீனர் ஸ்டூடியோவுக்குப் போயிடுவேன்," என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் அப்பா போனார்.

பாய் அண்ணனிடம் திரும்பினார். "கேமரா வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீ. நாளைக்குச் சரியா வரலன்னா கேமராவத் திருப்பி அனுப்பிடுவேன். நீயும் வேற எடம் பாத்துக்க லா."

அண்ணன் காவடி விரதத்தில் இருந்தார். மஞ்சள் சட்டை, மஞ்சள் வேட்டி, தாடி. வீட்டில் கைக்குழந்தை.

ஒவ்வொரு கேமராவும் நிறத்தை ஒவ்வொரு மாதிரி பார்க்கும். அதைத் திருத்த ஒரு கோப்பு செய்ய வேண்டும். ப்ரொஃபைல் என்பார்கள். நிறக் கட்டங்கள் போட்ட அட்டையை நம் விளக்கில் படம் எடுத்துக் கொடுத்தால், இருக்க வேண்டிய நிறத்தோடு ஒப்பிட்டு கம்ப்யூட்டரே கோப்பைச் செய்யும். அதை மற்ற படங்களுக்குப் போட வேண்டும். அண்ணன் முன்பே செய்திருந்தார். அன்று மத்தியானம் மறுபடி செய்தார். நீலம் போகவில்லை.

அட்டையின் படத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கட்டம் மஞ்சள் தண்ணீரில் நனைத்தது மாதிரி இருந்தது. ஓரத்தில் அண்ணனின் முழங்கால் தெரிந்தது. அட்டை ஆடாமல் இருக்க ஸ்டாண்டைப் பிடித்தபடி பக்கத்தில் குந்தியிருந்தார். பட்டனை அழுத்தியது நான். விளக்கு வேட்டியில் பட்டு அட்டைக்குத் திரும்பியிருக்கிறது. மஞ்சள் அதிகம் என்று கம்ப்யூட்டர் எல்லாப் படத்திலும் நீலத்தைக் கூட்டியிருக்கிறது.

சொல்லப் பயம். விரத உடுப்பு. பாய் கழற்றச் சொன்னால் அண்ணன் கழற்ற மாட்டார். வேலை போய்விடும்.

முதலில் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, உங்க உடுப்புதான் காரணம்."

அவர் முகம் மாறியது. "மெஷின் கெட்டா முருகன் மேல பழியா?"

"முருகன் மேல இல்லண்ணே. வேட்டி மேல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கதவருகே பாய். எல்லாம் கேட்டுவிட்டார். அட்டையின் படத்தைக் காட்டச் சொன்னார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"உடுப்ப மாத்தவா சொன்னா? தள்ளி நிக்கத்தானே சொல்றா. போ, கதவுகிட்ட நில்லு."

ஸ்டாண்டின் காலுக்குச் செங்கல் வைத்தோம். என்னையும் தள்ளிப் போகச் சொன்னார். பாயே பட்டனை அழுத்தினார்.

புதுக் கோப்பை அதே பெண்ணின் படத்துக்குப் போட்டேன். கம்ப்யூட்டர் மெதுவானது. படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நெற்றி வந்தது. பொட்டு வந்தது. கன்னம் இன்னும் வரவில்லை.

"எப்படி?" அண்ணன் கதவருகிலிருந்தே கேட்டார்.

"வந்து பாருங்கண்ணே."

"நீயே சொல்லு."

கன்னம் இறங்கும்வரை காத்திருந்தேன். "நீலம் இல்ல."

அவர் அப்போதும் வரவில்லை.

மறுநாள் பெண்ணின் அப்பா வந்தார். படத்தை வெளியே வெயிலுக்கு எடுத்துப் போனார். கண்ணாடி வழியாக மூவரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே வந்தார்.

"கருப்பாத்தான் இருக்கா."

படத்தின் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார்.

"என்னைய மாதிரி. கொஞ்சம் வெளுப்பாக்க முடியாதா லா?"

"முடியாது," என்றார் பாய்.

அப்பா படத்தை இன்னொரு முறை பார்த்தார். "அப்ப இதையே பெருசாப் போட்டுடுங்க."

பாய் அண்ணன் பக்கம் திரும்பினார். "என்னா நிக்கிற? பிரேமுக்கு அளவு எடு."