கசாமாவுக்குக் கொடுத்த ஓய்வு

நுகாகா பகலில் நகரப் பேருந்து ஓட்டுவார். மாலையில் ஊர் அணியின் பேஸ்பால் ஆட்டம் இருந்தால், வலப்பக்கக் கேலரியின் ரசிகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஒவ்வொரு வீரரும் மட்டை எடுத்து வரும்போது அந்த வீரருக்கென்றே ஒரு மெட்டு உண்டு. நுகாகா ட்ரம்பெட்டைத் தூக்கினால் கேலரி முழுக்கப் பாடும். அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் பாடும்.

அந்தக் கோடையில் அணி கடைசி இடத்தில் கிடந்தது. அணியைக் களத்தில் நடத்தும் மேனேஜர் கசாமா ஒழிய வேண்டும் என்று ஊரே கத்தியது. சிலர் கோயிலில் தோஷம் கழித்துவிட்டு வந்தார்கள். உருப்படியாகப் பந்து வீசிய இருவரையும் குளிர்காலத்திலேயே வேறு அணிகளுக்கு விற்றாகிவிட்டது. பூசாரி மந்திரம் சொன்னால் பந்து தானாக வளையுமா?

விற்றவர் கசாமா அல்ல, அணியை வைத்திருக்கும் கம்பெனியின் முதலாளி. நுகாகாவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கேலரியில் ட்ரம்பெட் ஊத நிர்வாகம் தரும் அனுமதி அட்டை வேண்டும். முதலாளியை எதிர்த்தால் அட்டை போய்விடும். கசாமாவை எதிர்த்தால் எதுவும் போகாது.

"அந்தாளு போற வரைக்கும் நாம ஊதக் கூடாது, பாடக் கூடாது" என்றார் நுகாகா, குழு கூடியபோது.

முரசடிக்கும் வகானா விடவில்லை. "வித்தவன் மேல ஏசி ரூம்ல உக்காந்திருக்கான். அடி மட்டும் வெயில்ல நிக்கறவனுக்கா, தலைவரே?"

"அட்டை போயிடும்மா."

"ஓகோ, நம்ம வீரம் அவ்வளவுதானா!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நுகாகா பக்கமே கை தூக்கினார்கள்.

அடுத்த ஆட்டத்தில் வலப்பக்கம் சாவு வீடு போலிருந்தது. தோற்றதும் கசாமா வீரர்களை வரிசையாக நிறுத்தி, வழக்கப்படி தொப்பியைக் கழற்றிக் கேலரியை நோக்கிக் குனிந்தார். ஒரு கைதட்டல்கூட இல்லை. அவர் நிமிர நேரமாயிற்று. நுகாகா மடியிலிருந்த ட்ரம்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கசாமா 'ஓய்வு எடுத்துக்கொள்கிறார்' என்று அந்த வாரமே அறிவிப்பு வந்தது. அந்த ஊரில் மேனேஜரை விரட்டிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

நிர்வாகத்து ஷிமோசே பெட்டி நிறைய பீர் பாட்டில்களோடு கேலரிக்கே வந்தார். "முதலாளி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார் சார். எங்க வேலைய நீங்களே முடிச்சுட்டீங்க. ரசிகர்கள் விருப்பம்னு அறிக்கையிலயும் போட்டாச்சு."

நுகாகாவுக்கு முகம் எரிந்தது. கூலி வாங்காத அடியாளுக்கு விருந்து! அவர் பீரைத் தொடவில்லை.

புது மேனேஜர் வந்தும் அணி தோற்றது. மறு ஆட்டத்துக்கு நுகாகா ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து விரித்தார். 'அணியைத் தோற்கடித்தவர் மேலே உட்கார்ந்திருக்கிறார்' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. மறுமுனையை வகானா பிடித்தாள். மற்றவர்கள் விலகித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஷிமோசே ஓடிவந்தார். "என்ன சார் இது? நல்லாத்தானே ஒத்துழைச்சீங்க?"

"அதுக்குத்தான் வெக்கப்படறேன்." கழுத்திலிருந்த அட்டையை நுகாகாவே கழற்றிக் கொடுத்தார்.

காவலர்கள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனதும் வகானா சொன்னாள்: "இத அன்னிக்கே செஞ்சிருந்தா அந்த மனுஷன் தலை குனிஞ்சிருக்க மாட்டாரு, தலைவரே."

"ஆமாம்மா" என்றார் நுகாகா. "எனக்கு அன்னிக்கே தெரியும்."